தலைப்பும் ஒரு சாட்சியமே

நூலுக்குப் பெயரிடுவதையும் ஒரு பொறுப்பாகக் கருதிய மரபு நம்முடையது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூல் எக்காரணங்களால் பெயர் பெறும் என்பதைப் பாயிரத்திலேயே வகுத்துச் சொல்லிவிடுகிறார். மூலமாய் அமைந்த முதல்நூலால் பெயர் வரலாம்; தொல்காப்பியம் போல ஆக்கியோனால் வரலாம்; நாலடி நானூறு போல அளவால் வரலாம்; உள்ளே மிகுந்திருப்பதாலோ, பேசப்படும் பொருளாலோ, செய்வித்த புரவலராலோ, நூலின் தன்மையாலோ வரலாம். இறுதியில், காரணம் விளங்காத இடுகுறிப் பெயருக்கும் அவர் இடம் விடுகிறார். இவற்றை எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். இடுகுறி நீங்கலாக ஏனைய யாவும் நூலுக்குள்ளிருந்தோ, நூலுக்குக் காரணமானவரிடமிருந்தோ பிறப்பவை. படிப்பவரை வளைத்துப் பிடிப்பதற்காகப் பெயர் சூட்டலாம் என்ற விதி அங்கே இல்லை.

இன்று கைப்பேசியைத் திறந்தவுடன் நம் கண்முன் வரிசைகட்டி நிற்கும் இணையத் தலைப்புகளைப் பவணந்தியார் காண நேர்ந்தால், இவற்றை எந்த வகையில் சேர்ப்பது என்று திகைத்திருப்பார். நாம் கண்டவரையில் அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மறைப்புத் தலைப்பு. ‘இந்தப் பழத்தை உண்டவருக்கு நேர்ந்த கதி’ என்று இருக்கும். என்ன பழம், என்ன கதி என்பவற்றை மறைத்து வைத்தே அது நம்மை இழுக்கிறது. இரண்டாவது, வினாத் தலைப்பு. ‘பிரபல நடிகர் மரணமா?’ என்று கேட்கும். உள்ளே போனால் அவர் நலமாக இருப்பார். வினாக்குறியோடு முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று விடை சொல்லிவிடலாம் என 2009ஆம் ஆண்டு இயன் பெட்டரிட்ஜ் என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் வேடிக்கையாக ஒரு விதி வகுத்தார். வேடிக்கையாயினும் பெரும்பாலும் பொருந்தும் விதி அது. மூன்றாவது, பகுதித் தலைப்பு. நீண்ட கூற்றொன்றின் ஒரு துணுக்கை மட்டும் வெட்டியெடுத்து, ‘ஆனால்’ என்று தொடங்கும் மறுபாதியை விட்டுவிடும். நான்காவது, மாற்றுத் தலைப்பு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாயில் வைக்கும்; சொல்லாததைச் சொன்னதாக்கும்.

முதல் வகை நம் நேரத்தைத் திருடுகிறது. இரண்டாவது நம் அமைதியைக் குலைக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் நம்மைப் பொய்ச்சாட்சிகளாக ஆக்கிவிடுகின்றன. இக்கட்டுரை பெரிதும் இப்பின்னிரண்டைக் குறித்தே. அவற்றுக்கு இரையானவர்களுள் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

2014ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் 3ஆம் ஞாயிறு அது. நாம் அப்போது பணியாற்றிய பங்கில் காலைத் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி மட்டும் பாடத்தில் கலந்துகொள்ளாமல் தேம்பிக்கொண்டிருந்தாள். விசாரித்தபோது, அவள் வளர்த்த மணி என்ற நாய் முந்தின நாள் சாலையில் அடிபட்டு இறந்துபோனதாக அறிந்தோம். அருகில் அழைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சாமி, மணி மோட்சத்துக்குப் போகுமா?” என்பதுதான்.

ஆன்மாவின் இயல்பு குறித்துக் குருமடத்தில் நாம் படித்த பாடங்கள் யாவும் நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்றும் அக்குழந்தைக்கு உதவுவதாய் இல்லை. அந்த வேளையில், சில நாள்களுக்கு முன் நம் கைப்பேசிக்கு வந்திருந்த ஒரு செய்தித் தலைப்பு நினைவில் பளிச்சிட்டது. நாய் இறந்ததால் வருந்திய சிறுவன் ஒருவனுக்கு, விலங்குகளும் விண்ணகம் செல்லும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் ஆறுதல் கூறியதாக அது சொன்னது. நாம் சற்றும் தயங்கவில்லை. “கண்டிப்பாகப் போகும் அம்மா, திருத்தந்தையே சொல்லிவிட்டார்” என்றோம். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, அச்சிறுவனின் கதையையும் சேர்த்தே சொன்னோம். குழந்தையின் முகம் தெளிந்தது. நமக்கும் நிறைவாக இருந்தது.

அச்செய்தி உருவான கதையைப் பின்னாளில்தான் அறிந்தோம். அதைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுடையது. தலைப்பு ஒன்று எவ்வாறு வழிதவறுகிறது என்பதை அது படிப்படியாகக் காட்டும்.

2014 நவம்பர் 26, புதன்கிழமை. வழக்கமான மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் விண்ணகப் பயணத்தைப் பற்றிப் பேசினார். இறுதியில் நிகழவிருப்பது இவ்வுலகின் அழிவன்று, புதுப்படைப்பாக அது நிறைவுறுதல் என்றும், இறைத்திட்டத்தின் அந்நிறைவு நம்மைச் சூழ்ந்துள்ள அனைத்தையும் தொடுகிறது என்றும் விளக்கினார். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தை அறிந்தவர்க்கு இது புதிய போதனையன்று. அவ்வுரையில் நாய் இல்லை. அழுத சிறுவனும் இல்லை.

மறுநாள் இத்தாலியின் ‘கொரியரே தெல்லா சேரா’ நாளிதழ் இவ்வுரையைப் பற்றி எழுதியது. எழுதியவர் விளக்கத்துக்காக, முன்னொரு காலத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல், தன் நாயை இழந்து வருந்திய ஒரு குழந்தையிடம் கூறியதாகச் சொல்லப்படும் ஆறுதல் மொழியையும் எடுத்துக்காட்டினார். தலைப்பிலோ, ‘திருத்தந்தையும் விலங்குகளும்’ என்ற சொற்களும், விண்ணகம் எல்லா உயிர்களுக்கும் திறந்திருக்கிறது என்ற கருத்தும் ஒன்றாக நின்றன. தலைப்பை மட்டும் பார்த்தவர் எந்தத் திருத்தந்தையை எண்ணியிருப்பார்?

அங்கிருந்து அது கடல் கடந்தது. டிசம்பர் 12ஆம் நாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் முதல் பக்கத்திலேயே அச்செய்தி இடம்பெற்றது. இப்போது ஆறாம் பவுலின் குழந்தை, பிரான்சிசின் சிறுவனாகிவிட்டான். ஆறாம் பவுலின் சொற்கள் பிரான்சிசின் சொற்களாகிவிட்டன. விலங்கு நல அமைப்புகள் மகிழ்ந்து வரவேற்றன. இறையியலார் தொலைக்காட்சிகளில் வாதிட்டனர். பின்னர் அந்நாளிதழ் நேர்மையோடு நீண்டதொரு திருத்தம் வெளியிட்டது. பிரான்சிஸ் எந்தச் சிறுவனையும் தேற்றவில்லை, அச்சொற்களை அவர் கூறியதாகத் தெரியவில்லை, அவை ஆறாம் பவுலுக்கு உரியவை என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் அத்திருத்தம் நம் பங்குக்கு வந்து சேரவில்லை. தலைப்பு ஓடிவந்த வேகத்தில் திருத்தம் நடந்துகூட வரவில்லை.

இதில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தாலியக் கட்டுரையாளர் இரக்கமுள்ள கருத்தொன்றைச் சொல்ல விழைந்தார். அமெரிக்க நிருபர் நல்ல செய்தி என்று நம்பினார். நாமோ ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைக்க எண்ணினோம். ஆனாலும் எல்லோரும் சேர்ந்து, ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக உலகறியச் செய்துவிட்டோம். தவறான தலைப்பு தீயவர்களால் மட்டும் வளர்வதில்லை. விசாரிக்காத நல்லவர்களாலும் வளர்கிறது.

தலைப்பைப் பகட்டாக்குவது இணையம் கண்டுபிடித்த வழக்கம் அன்று என்று சிலர் சொல்லக்கூடும். உண்மையே. மாலை நாளிதழ்களின் சுவரொட்டிகள் நம்மூர்த் தேநீர்க் கடைகளின் முன்னே தொங்கியதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பெரிய எழுத்தில் ‘படுகொலை’ என்றிருக்கும். எந்த ஊரில் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவரொட்டியைக் கண்டவர் காசு கொடுத்துத் தாளை வாங்கினால் செய்தி முழுதும் அவர் கையில் இருந்தது. தலைப்பும் உடலும் ஒரே தாளில் இருந்தன. வாங்காதவருக்கோ அது வெறும் சுவரொட்டி என்று தெரியும். மறுநாள் காலையில் அச்சுவரொட்டியும் கிழிக்கப்பட்டுவிடும்.

இணையத்தில் தலைப்பு உடலைவிட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு கட்டுரையை அனுப்பும்போது நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு படமும் ஒரு தலைப்பும் மட்டுமே. அதைப் படித்ததாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தாரும் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று கண்டனர். பகிர்ந்தவர் பலரே திறந்து பார்க்கவில்லை என்பது இதன் பொருள். அப்படியானால் அவர்களைப் பொறுத்தவரை கட்டுரை என்ற ஒன்றே இல்லை, தலைப்புதான் கட்டுரை.

தலைப்பெழுதுவோரின் முதல் வாதம் இங்கே வலுவிழக்கிறது. ‘உள்ளே உண்மையைத்தானே எழுதியிருக்கிறோம்’ என்பது அவ்வாதம். உள்ளே வராதவருக்கு உள்ளே எழுதிய உண்மையால் என்ன பயன்? உள்ளே வந்தவருக்கேனும் அது முழுதும் பயன்படுகிறதா என்று பார்த்தால், அதுவும் ஐயமாகவே உள்ளது. ஆஸ்திரேலியாவில் உல்ரிக் எக்கர் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் 2014ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரே கட்டுரையைச் சிலருக்கு நேரான தலைப்போடும், சிலருக்குக் கட்டுரையின் சிறு பகுதியைப் பெரிதுபடுத்தும் தலைப்போடும் படிக்கக் கொடுத்தனர். கட்டுரையை முழுதும் படித்தவர்களிடத்திலும், தவறான தலைப்பு அவர்களின் நினைவையும், படித்ததிலிருந்து அவர்கள் கொள்ளும் முடிவையும் திசை திருப்பியதாகக் கண்டனர். முதலில் பதிந்ததைப் பின்னர் திருத்திக்கொள்ள மனம் தடுமாறுகிறது என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

அச்சோதனையின் மறுபகுதி இன்னும் நெஞ்சைத் தொடுவது. செய்தியோடு ஒருவரின் முகப்படத்தை வைத்தார்கள். தலைப்போ செய்தியில் வரும் வேறொருவரைக் குறித்தது. அவ்வாறிருந்தும், தலைப்பின் சாயல் படத்திலுள்ள முகத்தின்மேல் படிந்தது. குற்றத்தைச் சொல்லும் தலைப்பின் கீழே குற்றமற்றவர் படம் இருந்தால், பார்ப்பவர் மனத்தில் அம்முகமும் கறைபடுகிறது. நாய்க் கதையில் எவர் பெயரும் கெட்டுவிடவில்லை. அது நம் நல்வாய்ப்பு. ஆனால் ‘ஆசிரியர்மீது பெற்றோர் பரபரப்புப் புகார்’ என்ற தலைப்பும் ஒரு பள்ளியின் படமும் மட்டும் ஊரெங்கும் சுற்றும்போது என்ன நிகழும்? புகார் பொய்யென்று உள்ளே ஏழாம் பத்தியில் எழுதியிருக்கலாம். அப்பள்ளியில் பணியாற்றும் ஒவ்வோர் ஆசிரியரும் மறுநாள் பேருந்தில் எப்படி நிமிர்ந்து உட்காருவார்? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், போதிய ஆதாரமின்றிப் பிறர் குற்றத்தை உண்மையென்று உள்ளத்தில் ஏற்பதையே பாவமென்று கூறுகிறது. வாயால் சொல்வது கூட வேண்டியதில்லை. தலைப்பை மட்டும் பார்த்து ‘அப்படியா!’ என்று நாம் வியக்கும் அந்த நொடியிலேயே அது நிகழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது வாதம், ‘இழுக்காவிட்டால் யார் படிக்கிறார்?’ என்பது. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இணையத்தில் எழுதுவோர் பலருக்கு வருவாய் விளம்பரத்தால் வருகிறது. விளம்பரமோ பக்கம் திறக்கப்பட்டால்தான் கணக்கில் சேர்கிறது. திறந்தவர் நிறைவோடு சென்றாரா, ஏமாந்து சென்றாரா என்பதைக் கணக்கு கேட்பதில்லை. ஆகவே ஒரே கட்டுரைக்குப் பல தலைப்புகளை எழுதி, அவற்றை வெவ்வேறு வாசகர்க்குக் காட்டி, அதிகம் சொடுக்கப்பட்டதை நிலைநிறுத்தும் வழக்கம் உண்டாயிற்று. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அப்வொர்த்தி’ என்னும் தளம் இதற்குப் பெயர்பெற்றது. அத்தளம் சோதித்துப் பார்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சராசரி நீளமுள்ள தலைப்பொன்றில் துயரம், கேடு முதலியவற்றைக் குறிக்கும் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், சொடுக்குவோர் விகிதம் 2.3 விழுக்காடு உயர்வதாகவும், மகிழ்வான சொற்கள் அதைக் குறைப்பதாகவும் அவ்வாய்வு கண்டது.

இதைப் படித்தபோது நமக்குப் புனித அகுஸ்தீனார் நினைவுக்கு வந்தார். தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலின் 10ஆம் பகுதியில் அவர், அறியும் ஆசை என்ற போர்வையில் வரும் கண்களின் இச்சையைப் பற்றிப் பேசுகிறார். சிதைந்து கிடக்கும் பிணத்தைக் காண்பதில் என்ன இன்பம் இருக்கிறது? ஆயினும் அப்படியொன்று கிடக்கிறதென்றால் மக்கள் ஓடிச்சென்று பார்த்து, பார்த்தபின் வருந்துகிறார்களே என்று அவர் வியக்கிறார். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது அது. ஆகவே இணையம் நமக்குள் புதிய நோய் எதையும் புகுத்தவில்லை; இருந்த நோயை அளந்து, விலை நிர்ணயித்திருக்கிறது.

இதனால் ஆர்வத்தைத் தூண்டுவதே தவறென்று ஆகிவிடாது. புனித தாமஸ் அக்குவினாஸ் அறிவு வேட்கையை இரண்டாகப் பிரிக்கிறார். அறியத் தக்கதை முறையாக அறிய விழையும் ஊக்கம் நற்பண்பு. முறைதவறி எதையும் துழாவும் விடுப்பு குற்றம். இவ்விரண்டில் எதைத் தட்டியெழுப்புகிறது என்பதே தலைப்பின் தரத்தைச் சோதிக்கும் உரைகல். நல்ல தலைப்பு உள்ளே இருப்பதைக் காண ஆவலூட்டும். கண்டபின் அந்த ஆவல் நிறைவுறும். தீய தலைப்பும் ஆவலூட்டும். ஆனால் அந்த ஆவலுக்கு உரியது உள்ளே இராது. விருந்துக்கு அழைத்துவிட்டு வெற்றிலையை வைப்பது போன்றது அது.

மூன்றாவது வாதம், ‘சிறு மிகைதானே, யாருக்கு என்ன கேடு?’ என்பது. ‘நல்லதுக்குத்தானே சொன்னோம்’ என்பது அதன் இன்னொரு வடிவம். நாம் அன்று அச்சிறுமியிடம் பேசியதும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பதால், இதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று இடம் கொடுக்கிறார். அகுஸ்தீனாரோ பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதி, உதவும் பொய்க்கும் இடமில்லை என்று கண்டிப்பாகக் கூறுகிறார். தமிழராகவும் மறையியல் படித்தவராகவும் இருக்கும் நமக்கு இவ்விரு ஆசான்களிடையே பல நாள் ஊசலாட்டம் இருந்ததுண்டு.

ஆனால் தவறான தலைப்பைப் பொறுத்தவரை இருவரும் ஒரே தீர்ப்பையே வழங்குவார்கள் என்று தோன்றுகிறது. வள்ளுவர் தரும் விலக்கு, கேட்பவருக்கு வரும் குற்றமற்ற நன்மையை நிபந்தனையாகக் கொண்டது. சொடுக்குக்காக எழுதப்படும் தலைப்பில் நன்மை எழுதுபவருக்கு, இழப்பு படிப்பவருக்கு. அகுஸ்தீனாரோ வாயின் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளத்தில் ஒன்றும் உரையில் ஒன்றுமாக, ஏமாற்றும் நோக்கோடு பேசுவதையே பொய் என்கிறார். ஆகவே தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே உண்மையாயிருந்தாலும், அவை அடுக்கப்பட்ட விதம் படிப்பவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்வதற்கென்றே அமைந்திருந்தால், அது பொய்யின் இல்லத்தில் பிறந்ததே.

தொடக்க நூலின் 3ஆம் அதிகாரத்தில் பாம்பு பேசும் முதல் வாக்கியத்தை இக்கண்ணோட்டத்தில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். அது பொய்யுரையாகத் தொடங்குவதில்லை. ஒரு வினாவாகத் தொடங்குகிறது. கடவுள் விலக்கியது ஒரு மரத்தின் கனியை. பாம்பு கேட்பதோ தோட்டத்தின் எல்லா மரங்களையும் விலக்கினாரா என்று. ஒரு பகுதியை முழுமையாக்கி, அதை வினாவாக்கி, கேட்பவரைப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளுகிறது. இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் அவ்வொரே வாக்கியத்தில் இருக்கின்றன! ஏவாள் அதைத் திருத்தவே முயல்கிறாள். திருத்தும்போதே, தொடவும் கூடாது என்று கடவுள் சொல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுகிறாள். தவறான தலைப்பை மறுக்கப் புகுந்தவரும் எவ்வாறு வழுக்கி விழுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில், போலிச் செய்திகளின் தொடக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பாம்பினிடத்திலேயே கண்டார். தலைப்புகளால் பன்முறை திரிக்கப்பட்டவர் எழுதிய செய்தி என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. 2016இல் அமெரிக்கத் தேர்தலின்போது அவர் ஒரு வேட்பாளரை ஆதரித்துவிட்டதாக முற்றிலும் பொய்யான தலைப்பொன்று முகநூலில் பல லட்சம் முறை கைமாறியதை உலகம் அறியும்.

பிறர் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது முறையன்று. நம் வீட்டுக்குள்ளும் இக்குறை இருக்கிறது. இறைமக்களுக்கென்று நடத்தப்படும் பக்கங்களிலும் ஒளிப்பதிவுகளிலும், ‘கண்ணீர் வடித்த சொரூபம்! நடுங்கிய மக்கள்!’ என்றும், ‘இச்செபத்தைச் சொன்னால் மூன்றே நாளில் அற்புதம்’ என்றும் தலைப்புகள் வருகின்றன. நோக்கம் பக்தி வளர்ப்பது என்கிறார்கள். ஆனால் வெறும் விடுப்பைத் தூண்டி வரவழைக்கப்பட்டவர் நான்காம் நாள் அற்புதம் காணாதபோது எதை இழக்கிறார்? தலைப்பின்மீதுள்ள நம்பிக்கையை மட்டுமா? அஞ்சுவதற்குரியது அவ்விழப்பே. பொய்யான பரபரப்பால் ஈட்டப்பட்ட பக்தி, பொய் வெளிப்படும் நாளில் உண்மையையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

இதை நாம் ஊகமாகச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு, அப்பழைய பங்கின் திருவிழாவில் திருப்பலி நிறைவேற்ற அழைப்பு வந்து சென்றிருந்தோம். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது கல்லூரி மாணவி ஒருத்தி வணங்கி நின்றாள். “சாமி, மணி ஞாபகம் இருக்கா?” என்றாள். நினைவு வரச் சற்று நேரமாயிற்று. “பாப்பரசர் அப்படிச் சொல்லவே இல்லையாமே சாமி. போன மாசம்தான் படிச்சேன். நான் அப்போ பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொன்னேனே” என்று சிரித்தாள். பிறகு, “அப்போ நீங்க பிரசங்கத்துல சொன்ன மத்ததெல்லாம்...” என்று தொடங்கியவள், சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். மரியாதை அவளைத் தடுத்தது.

முடிக்கப்படாத அவ்வினாவே இக்கட்டுரையை எழுத வைத்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு தலைப்பை நம்பினோம். அவள் நம்மை நம்பினாள். அவளுடைய பள்ளித் தோழியர் அவளை நம்பினார்கள். இச்சங்கிலியில் மூலத்தைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. மறைப்பணியாளரிடம் மக்களுக்குக் கொடுப்பதற்கென்று இருப்பது சாட்சியம் ஒன்றே. அதில் ஒரு காசு செல்லாக்காசு என்று தெரிந்தால், மற்ற காசுகளையும் தட்டிப் பார்க்கத் தோன்றுவது இயல்பே. அவளை நாம் குறை சொல்ல முடியாது.

இதில் மனம் வருந்தும் இன்னொன்றும் உண்டு. அப்பொய்த் தலைப்பு நமக்குத் தேவைப்பட்டிருக்கவே வேண்டாம். அடுத்த ஆண்டே, 2015இல், பிரான்சிஸ் தாம் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலின் 243ஆம் பத்தியில், நிலைவாழ்வில் படைப்புயிர் ஒவ்வொன்றும் ஒளிமிகு மாற்றம் பெற்றுத் தன் இடத்தைக் கொண்டிருக்கும் என்று எழுதினார். நாய் என்றோ பூனை என்றோ அவர் குறிப்பிடவில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் கண்ணீருக்கு அதில் போதிய இடமுண்டு. அதற்கும் முன்னரே, உரோமையர் திருமுகத்தின் 8ஆம் அதிகாரம் நம் மேசையில் கிடந்த விவிலியத்திலேயே இருந்தது. அன்று நாம் கைப்பேசியை நினைப்பதற்கு முன் அதைத் திறந்திருந்தால், அச்சிறுமிக்குக் குறைவான உறுதியையும் நிறைவான உண்மையையும் கொடுத்திருப்போம்.

ஆகவே, வாசகரிடம் மூன்று செய்திகளை மட்டும் விண்ணப்பித்துக்கொள்கிறோம். உள்ளே சென்று படிக்காததைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம். ஒருவரின் குற்றத்தைச் சொல்லும் தலைப்பைக் கண்டால், கடைசிப் பத்தியைப் படிக்கும் வரை தீர்ப்பை நிறுத்திவைப்போம். பொய்யென்று தெரிந்தபின், முதலில் அனுப்பிய அத்தனை பேருக்கும் திருத்தத்தையும் அனுப்புவோம். மூன்றாவதே கடினமானது; மானம் தடுக்கும். ஆனால் முன்பு அனுப்பும்போது மானம் பார்க்காத நாம், திருத்தும்போது மட்டும் அதைப் பார்ப்பது நேர்மையாகாது.

எழுதுவோருக்கும் ஒரு சொல். இணையத்தில் தலைப்பு இடுபவர் பெரும்பாலும் கட்டுரையாளர் அல்லர் என்பதை அறிவோம். ஆயினும் தம் பெயர் தாங்கிய எழுத்துக்கு எத்தலைப்பு சூட்டப்பட்டது என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு, கேட்காதிருப்பது உடந்தை. தலைப்பு மட்டுமே படிக்கப்படும் என்று தெரிந்துகொண்டே எழுதுவோமானால், அதைத் தனித்து நின்றும் உண்மை பேசும் வாக்கியமாக அமைப்பதே கடமை.

அன்று அம்மாணவியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். பின்பு அச்சுற்றுமடலின் பத்தியைப் பற்றிச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “இதை நீங்களே படிச்சீங்களா சாமி?” என்றாள்.

படித்திருந்தோம். அன்றைக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிந்தது.